குதிகால் தரையில் படாத பிள்ளைகள்

(நமது அறக்கட்டளை சார்பில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்புள்ள தாய்மார்களே, சகோதரர்களே, பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் பெரியவர்களே!

பின்வரிசையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஓடட்டும். யாரும் அதட்ட வேண்டாம். மைக் சத்தம் அவர்களில் யாருக்காவது தொந்தரவாக இருந்தால் கையைக் காட்டுங்கள், குறைத்துக்கொள்கிறோம்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் நடை. அதாவது குதிகாலைத் தூக்கிக்கொண்டு முன்பாதத்தால் மட்டும் நடப்பது. நம் வீடுகளில் "எக்கி எக்கி நடக்கிறான்" என்று சொல்வோம். மருத்துவ உதவி மனுவோடு அலுவலகத்துக்கு வரும் பெற்றோரிடம் பேசும்போது நாங்கள் கவனித்த ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, ராத்திரி தூக்கமில்லை, சோறு தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறான் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வார்கள். நடையைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். நாங்களாகக் கேட்டால், "அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வளர வளரச் சரியாகிவிடும் என்று மாமியார் சொன்னார்கள்" என்பார்கள்.

சரியாகிவிடலாம். பல பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிறது. ஆனால் சரியாகாமல் போனால், பிள்ளையின் மற்றக் கஷ்டங்களுக்கு இல்லாத ஒரு கெடு இதற்கு உண்டு. பேச்சு நாலு வயதிலும் வரலாம், எட்டு வயதிலும் வரலாம். கணுக்காலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாண் நமக்காகக் காத்திருக்காது. வருஷக்கணக்கில் எக்கியே நடந்தால் அது சத்தமில்லாமல் குட்டையாகிக்கொண்டே வரும். கடைசியில் பிள்ளை விரும்பினாலும் குதிகால் தரைக்கு வராது. அந்த நிலைக்கு முன்னால் பிடித்துவிட்டால் வேலை சுலபம். அதற்காகத்தான் இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு முழுக் கூட்டம்.

முதலில் பயத்தைத் தெளிய வைப்போம். நடை பழகும் வயதில் பிள்ளைகள் அவ்வப்போது எக்கி நடப்பது சாதாரணம். இரண்டு வயதுவாக்கில் பெரும்பாலானவர்கள் குதிகாலை ஊன்றி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகும் பெரும்பாலான நேரம் எக்கியே நடந்தால் ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். மூன்று வயதைத் தாண்டியும் தொடர்ந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். ஸ்வீடன் நாட்டில் ஐந்தரை வயதுள்ள 1,436 பிள்ளைகளைப் பரிசோதித்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் ஏதோ ஒரு காலத்தில் எக்கி நடந்தவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வயதுக்குள் தாமாகவே விட்டுவிட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் கணக்கு வேறு. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறுகிறது. நூற்றுக்கு 8 என்றும் சொல்கிறார்கள், 20 என்றும் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு. அவர்களிடம் அது தானாக மறைவதும் குறைவு.

ஆகவே, எக்கி நடக்கிற பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அவன் உம்மாவிடம் போய்ச் சொல்லிவிடவும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுவதில்லை, வந்த பேச்சும் நின்றுவிட்டது, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்பவையும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி நடக்கிறார்கள்? ஒரே பதில் கிடையாது. அதிகம் சொல்லப்படுவது புலன்களைப் பற்றிய விளக்கம். சில பிள்ளைகளுக்கு உள்ளங்காலில் தொடு உணர்ச்சி மிக அதிகம். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் குளிர்ந்த மொசைக் தரையும் ஈரமான குளியலறையும் சொரசொரப்பான கால்மிதியும் அவர்களுக்கு முள்ளாகக் குத்தும். தரையில் படும் இடத்தைக் குறைத்துக்கொள்ள எக்கிவிடுகிறார்கள். வேறு சிலருக்கு நேர்மாறு. தன் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வே மந்தமாக இருக்கும். எக்கி நின்றால் கெண்டைக்கால் தசையில் ஓர் இறுக்கம் கிடைக்கிறது, அது அவர்களுக்கு இதமாக இருக்கிறது. சந்தோஷம் வந்தால் கையை உதறிக்கொண்டே எக்கிக் குதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பின் சமநிலையை உணர்த்தும் உள்காதின் பங்கும் இருக்கலாம் என்கிறார்கள். எதுவானாலும் பிள்ளை வேண்டுமென்று செய்வதல்ல. பிடிவாதமும் அல்ல.

உம்மா கர்ப்பத்தில் எதையோ மிதித்ததாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ, யாரோ கண் வைத்ததாலோ வந்ததும் இல்லை. இந்தப் பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பழி முழுவதும் பெற்றவள் தலையில்தான் விழுகிறது. மதரஸாவில் ஓதியவர்கள் என்ற முறையிலும் சொல்கிறோம். துஆ செய்யுங்கள், ஓதி ஊதுங்கள், யாரும் தடுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளவும் நமக்கு வழிகாட்டப்பட்டிருக்கிறது. தாயத்துக் கட்டிவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தால், அந்த மூன்று வருஷமும் பிள்ளையின் காலுக்குத்தான் நஷ்டம்.

இப்போது காலைப் பற்றி. உங்கள் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல ஒன்று தட்டுப்படும். குதிகால் நரம்பு என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் அது நரம்பு அல்ல, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண். நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது நீண்டு சுருங்குகிறது. குதிகால் தரையில் பட்டு, உடம்பு அந்தக் காலின் மேல் முன்னே சாயும்போது நன்றாக நீள்கிறது. எக்கியே நடக்கும் பிள்ளைக்கு அந்த நீட்சி கிடைப்பதே இல்லை. எலும்பு வளர்கிறது, தசையும் நாணும் அதற்கு ஈடுகொடுத்து நீளவில்லை. நாளடைவில் கணுக்கால் மேல்நோக்கி மடங்குவது குறைகிறது. உடம்பின் பாரம் முழுவதும் முன்பாதத்தில் விழுவதால் அந்த இடம் அகலமாகி, தோல் தடித்து, காய்ப்பு விழுகிறது. அடிக்கடி தடுக்கி விழுகிறான். பத்து வயதில் கால் வலிக்கிறது என்பான். பேசாத பிள்ளையாக இருந்தால் அதையும் சொல்லமாட்டான். நடக்க மறுப்பான், தூக்கச் சொல்வான், கையைக் கடித்துக்கொள்வான். நாம் அதைக் குணக்கேடு என்று எழுதி வைத்துவிடுவோம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில அடையாளங்களைச் சொல்கிறோம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

பிள்ளையின் பழைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பகுதி தேய்ந்து மழுங்கியிருக்கும், குதிகால் பகுதி கடையில் வாங்கினபடி புதிதாக இருக்கும். அப்படி இருந்தால் அவன் நாளின் பெரும்பகுதியும் எக்கித்தான் நடக்கிறான். நாம் வீட்டில் பார்க்கும் நேரம் கொஞ்சம்தான், செருப்பு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறது. அடுத்து, காலை நனைத்துவிட்டு சிமெண்டுத் தரையில் நடக்கவிடுங்கள். முழுப் பாதமும் பதிகிறதா, முன்பாதி மட்டும் பதிகிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. குத்தவைத்து உட்காரச் சொல்லுங்கள். சொன்னால் செய்யாத பிள்ளையென்றால் தரையில் அவனுக்குப் பிடித்த பொருளைப் போட்டு எடுக்கவிடுங்கள். குதிகால் தரையில் ஊன்றியபடி முழுதாகக் குந்த முடிந்தால் பெரும்பாலும் நாண் இன்னும் இளக்கமாக இருக்கிறது என்று கொள்ளலாம். குதிகால் தூக்கியே நின்றாலோ, பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலோ, குட்டையாகத் தொடங்கியிருக்கலாம். நம் வாழ்க்கை குந்தி எழும் வாழ்க்கை. இந்தியன் டாய்லெட்டில் உட்காரவும், பள்ளி ஹவ்ளில் குந்தி ஒளுச் செய்யவும், தரையில் உட்கார்ந்து எழவும் கணுக்கால் மடங்க வேண்டும். கழிப்பறையில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளில் சிலருக்குக் காரணம் இந்தக் கணுக்கால்தான். குந்தினால் கவிழ்ந்துவிடுவோம் என்ற பயம் அது. அங்கே போய் அடிப்பதில் என்ன பயன்?

இந்தச் சோதனைகளெல்லாம் டாக்டரிடம் போகத் தூண்டுவதற்குத்தான், டாக்டருக்குப் பதிலாக அல்ல. போகும்போது செல்போனில் வீடியோ எடுத்துப் போங்கள். வெறுங்காலோடு, பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கமிருந்து ஒன்று, ஒரு நிமிஷம் போதும். ஆஸ்பத்திரியில் புது இடத்தைப் பார்த்த மிரட்சியில் பிள்ளை வேறு மாதிரி நடப்பான், அல்லது நடக்கவே மாட்டான். ஒரு வயதில், இரண்டு வயதில் எடுத்த பழைய கல்யாண வீட்டு வீடியோ இருந்தால் அதையும் தேடி எடுங்கள். எப்போதிலிருந்து இந்த நடை என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று ஒருமுறை எழுதிவிட்டார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எக்கி நடப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு காலில் மட்டும் எக்கி நடந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்து, கால் விறைப்பாக இருக்கும் பிள்ளைக்கு மூளைவாதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நன்றாகக் குதிகால் ஊன்றி நடந்துகொண்டிருந்த பிள்ளை மூன்று நாலு வயதுக்கு மேல் புதிதாக எக்கத் தொடங்கினால் அது சாதாரணம் அல்ல. அதிலும் ஆண் பிள்ளை, கெண்டைக்கால் பருத்திருக்கிறது, தரையிலிருந்து எழும்போது கையைத் தன் தொடையிலேயே ஊன்றி ஏணி ஏறுவது போல எழுகிறான், மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறான் என்றால் தசைச் சிதைவு நோயா என்று சோதிக்க வேண்டும். அதற்கு முதல்படி ஒரு ரத்தப் பரிசோதனைதான். பருத்த கெண்டைக்காலைப் பார்த்து "பிள்ளை நல்ல பலசாலி" என்று சந்தோஷப்படும் நன்னிமார்கள் கொஞ்சம் கவனிக்கவும். சிறுநீர் கட்டுப்பாடு வந்த பிள்ளைக்கு மறுபடி கட்டுப்பாடு போய்விட்டாலோ, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் மேல் மயிர்க்கற்றையோ குழியோ இருந்தாலோ தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு என்ன செய்வது என்பதற்கு வருவோம். இதில் எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் நடையை நாலு பேர் மெச்சும்படி மாற்றுவது நம் வேலை அல்ல. சந்தோஷத்தில் எக்குகிறானா, எக்கட்டும். கணுக்கால் நன்றாக மடங்குகிறது, வலி இல்லை, விழுவதில்லை என்றால் அவசரப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் கோணத்தை அளந்து பார்த்தால் போதும். நாம் காப்பாற்ற வேண்டியது அந்த மடங்கும் தன்மையை. கல்யாண மண்டபத்தில் யாராவது பார்த்துக் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்துக்காகப் பிள்ளையைப் படுத்தாதீர்கள்.

"குதிகாலை வை, குதிகாலை வை" என்று நாளைக்கு நூறு முறை சொல்லும் வீடுகள் உண்டு. சொன்னதும் வைப்பான். நாலு அடி போனதும் மறுபடி தூக்குவான், ஏனென்றால் அவன் அதை நினைத்துச் செய்யவில்லை. திட்டினால் பதற்றம் கூடும், பதற்றம் கூடினால் எக்குவதும் கூடும். சொல்வதை நிறுத்திவிட்டு, குதிகால் தானாக ஊன்றும் வேலைகளைக் கொடுங்கள். கடற்கரை மணலில் நடக்கவிடுங்கள், சரிவில் ஏறவிடுங்கள். தரையில் நாலு காலில் கரடி போல நடப்பது, யானை போலத் தொப்புத் தொப்பென்று மிதித்து நடப்பது, பின்பக்கமாக நடப்பது, குந்தி உட்கார்ந்து சாமான்களைப் பொறுக்கிக் கூடையில் போடுவது எல்லாம் நல்ல பயிற்சி. விளையாட்டாகவே இருக்கட்டும். ஒரு தாய், வாளியில் பாதியளவு தண்ணீர் நிரப்பிக் கொடுத்துச் செடிகளுக்கு ஊற்றிவரச் சொல்வதாக எங்களிடம் சொன்னார். பாரத்தோடு நடக்கும்போது அவள் மகன் கால் ஊன்றுகிறானாம். எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அவர் இதைச் செய்யவில்லை.

தசையை நீட்டும் பயிற்சியை முதலில் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே வாயால் சொல்வது நினைவுக்காக மட்டும். பிள்ளை மல்லாந்து படுத்திருக்க, முழங்கால் நேராக இருக்க, குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, முன்கையை அவன் உள்ளங்காலோடு சேர்த்து வைத்து, பாதம் முழுவதையும் மெதுவாக அவன் முகத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். அரை நிமிஷம் பிடித்து, விட்டு, மறுபடி. பலரும் விரல் பக்கத்தை மட்டும் பிடித்துத் தள்ளுகிறார்கள். அதில் பாதத்தின் நடுப்பகுதிதான் வளையும், நாண் நீளாது. வலிக்கும்படி தள்ளவே கூடாது. தினமும் செய்ய வேண்டும், ஒருநாள் செய்து ஒருவாரம் விட்டால் பலனில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளை இதற்கு எப்படி ஒத்துழைப்பான் என்று கேட்பீர்கள். திடீரென்று காலைப் பிடித்தால் உதைப்பான், நியாயம்தானே. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்த வெதுவெதுப்பில் தசை இளகியிருக்கும், அது நல்ல நேரம். முதலில் பொம்மையின் காலில் செய்து காட்டுங்கள், பிறகு வாப்பாவின் காலில். ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணுங்கள். இருபது என்றதும் நிச்சயம் விட்டுவிடுவீர்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று இருபத்தைந்துக்கு இழுத்தால் மறுநாள் காலைத் தரமாட்டான். வார்த்தை மாறாத பெரியவர்களிடம்தான் இந்தப் பிள்ளைகள் உடம்பைக் கொடுப்பார்கள்.

செருப்பைப் பொறுத்தவரை, கணுக்காலைச் சுற்றிப் பிடிக்கும், அடிப்பகுதி உறுதியான ஷூ சில பிள்ளைகளுக்கு உதவுகிறது. ஷூ போட்டால் குதிகால் இறங்குகிறது, வெறுங்காலில் ஏறுகிறது என்றால் உள்ளங்கால் உணர்ச்சிதான் பெரிய காரணமாக இருக்கலாம். அதை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். மணல், புல், கோரைப்பாய், ஈரத்துணி என்று ஒவ்வொன்றாக, பிள்ளை தாங்குமளவு, உள்ளங்காலைப் பழக்குவார். இதனால் எல்லாருக்கும் நடை மாறிவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பழக்கம் ஏற்பட்டால் பள்ளி, மதரஸா, கடைத்தெரு என்று போய்வரச் சுலபமாகும் என்பதே ஒரு லாபம்தான்.

நாண் குட்டையாகத் தொடங்கிவிட்டது என்றால் கணுக்காலைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட் எழுதிக் கொடுப்பார்கள். பருத்திக் காலுறை போட்டு அதன்மேல் மாட்ட வேண்டும். கழற்றியபின் தோலில் சிவப்புத் தழும்பு அரை மணி நேரத்துக்கு மேல் மறையாமல் இருந்தால் செய்து கொடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள். பிள்ளை வேண்டாம் என்று அழுவதற்குப் பாதி நேரம் அந்தத் தழும்புதான் காரணம். அடுத்தபடி மாவுக்கட்டு. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்து, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்து மறுபடி கட்டுவார்கள். சில வாரங்கள் இப்படிப் போகும். கட்டுவதற்குச் சில நாள் முன்பிருந்தே வீட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றிப் பழக்குங்கள். கட்டுப் போட்ட காலில் விரல்கள் நீலமாகவோ வீங்கியோ குளிர்ந்தோ இருந்தால், அல்லது பேசாத பிள்ளை காரணமில்லாமல் விடாமல் அழுதால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டோடு சேர்த்து போட்டாக்ஸ் ஊசி போட்டால் கூடுதல் பலன் உண்டா என்று ஸ்வீடனில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறு காரணமில்லாமல் எக்கி நடந்த பிள்ளைகளிடம் கட்டு மட்டும் போட்டதற்கும் ஊசியும் சேர்த்துப் போட்டதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனவே அந்தச் செலவுக்கு முன் டாக்டரிடம் கேள்வி கேளுங்கள். நாணை நீட்டும் அறுவை சிகிச்சை கடைசிப் படி. எல்லாம் செய்தும் குதிகால் இறங்காத, வயதில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான். செய்தபிறகும் பயிற்சியை விட்டால் பழைய நிலை திரும்பலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் கட்டு வைத்தியரிடம் கொண்டுபோய் முறுக்கி மடக்குவதும், காலில் கனமான பொருளைக் கட்டிவிடுவதும் ஆபத்து. சில ஊர்களில் பிள்ளையை இடுப்பளவு மணலில் புதைத்து நிறுத்துகிறார்கள். புலன்கள் இவ்வளவு கூர்மையான பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய திகில் என்று யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தையை உட்கார்த்தி வைக்கும் சக்கர வாக்கரும் வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால்தான் தரையை உந்துகிறது, விழும் ஆபத்தும் அதிகம். கனடாவில் 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் அதைத்தான் தொட்டிலுக்குப் போட்ட நாற்பதுக்குப் பரிசாகத் தூக்கி வருகிறோம். பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கும் மர நடைவண்டி வேறு, அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். தனியார் மையங்களுக்கு ஓடும் முன் அரசு வழிகளைப் பயன்படுத்துங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருபவை. குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி என்று ஒரே இடத்தில் கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் பிசியோதெரபி உண்டு, தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் 21 வகைகளில் ஒன்று. தேசிய அடையாள அட்டை வாங்கத் தயங்காதீர்கள். "அட்டை வாங்கினால் பெயர் கெட்டுவிடும், தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளை அமையாது" என்று நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் எங்களுக்குத் தெரியும். அந்த அட்டை இருந்தால் நிராமயா என்ற காப்பீட்டில் சேர வழி உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் சேர்த்து.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் உதவி கேட்டு மனுக்கள் வருகின்றன. ஆட்டிசத்துக்கு அதை 2022-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு பரிந்துரைக்கவில்லை. ஜக்காத் பணத்திலிருந்து அதற்கு நாங்கள் தரமாட்டோம். நகையை விற்று நீங்களும் போக வேண்டாம்.

ஜமாஅத்தாருக்கும் மக்தப் உஸ்தாதுமார்களுக்கும் இரண்டு வார்த்தை. ஏழு வயதில் தொழுகையைச் சொல்லிக் கொடுக்கிறோம். கணுக்கால் மடங்காத பிள்ளைக்கு ஸஜ்தாவிலிருந்து எழுவதும் இருப்பில் பாதத்தை மடித்து உட்காருவதும் வலி தரலாம். முடியாதவர் இயன்றவாறு உட்காரலாம் என்பது உஸ்தாதுமார்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையின் பாதத்தைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்கிச் சரிசெய்ய வேண்டாம். பள்ளிக்குள் செருப்பைக் கழற்றியதும் சலவைக்கல்லின் குளிர்ச்சி தாங்காமல் எக்கி ஓடும் பிள்ளைக்குப் பருத்திக் காலுறை போட்டு அனுப்பலாம், வழுக்காத அடிப்பகுதி உள்ளதாக இருக்கட்டும். நோன்புக் காலத்தில் தராவீஹுக்கு அப்படி ஒரு பிள்ளை வந்து ஸஃபுக்கு நடுவே ஓடினால் முறைத்துப் பார்க்காதீர்கள். அந்த வாப்பா எத்தனை நாள் தயங்கிவிட்டு அன்றைக்குக் கூட்டி வந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து லுஹர் வரை ஒரு பிசியோதெரபிஸ்ட் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கணுக்கால் கோணத்தை அளந்து குறித்துக் கொடுப்பார், பயிற்சியும் சொல்லிக் கொடுப்பார். கட்டணம் இல்லை. ஸ்ப்ளிண்ட் தேவைப்பட்டு வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்து ஏற்பாடு செய்வோம். மனு எழுதத் தெரியாவிட்டால் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போம். பெண்களுக்குத் தனி அறை உண்டு. கூட்டம் பிடிக்காத பிள்ளையென்றால் முன்கூட்டியே போன் செய்யுங்கள், தனியாக நேரம் ஒதுக்குகிறோம். வரும்போது மருத்துவக் குறிப்புகள், செல்போன் வீடியோ, பிள்ளை ஆறு மாதமாவது போட்டுத் தேய்த்த பழைய செருப்பு மூன்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.